பல்லாவரம் முதல் எழும்பூர் வரை

பல்லாவரம் ரயில் நிலையத்தின் நடைமேடையில், கூரை முடிந்து வெயில் தொடங்கும் தென்கோடியில் ஒரு பெஞ்சு இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த நிலையத்திலிருந்து நாள்தோறும் உத்தியோகத்துக்குப் போய் வந்த நான் அதில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஜூன் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், என் அக்காள் மகனோடு எழும்பூருக்குப் புறப்பட்டு மின்சார ரயிலுக்குக் காத்திருந்தபோது, அவன் நேராக அங்கே சென்று, நெடுநாள் பழகிய திண்ணையில் அமர்பவனைப் போல அமர்ந்து, "காலேஜ் படிக்கிறப்போ இதுதான் மாமா எனக்கு வீடு" என்றான்.

ரயிலுக்காகக் காத்திருப்பவனை யாரும் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பதில்லை. பூங்காவில் கேட்பார்கள், கடற்கரை மணலில் இருட்டிய பின் காவலர் வந்து கேட்பார், தெருமுனையில் அண்டை வீட்டார் கேட்பார்கள், நடைமேடையில் மட்டும், ஒரு வண்டியை விட்டு அடுத்த வண்டியை விட்டு மூன்றாவதையும் விட்டுவிட்டு அமர்ந்திருக்கும் மனிதன், டிக்கெட் கையில் உள்ளவரை, விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அப்படி வண்டிகளைப் போகவிட்டு அமர்ந்திருக்கும் இன்னொருவன் மறுகோடியில் இருப்பான். இரண்டு மூன்று நாட்கள் பார்வை மட்டும், பிறகு மணி என்ன என்று ஒரு கேள்வி, பிறகு பேச்சு. சொல்லிக்கொண்ட பெயர்கள் பொய்ப் பெயர்கள். பேசிய பேச்சு மட்டும் மெய். தன்னைப் போலவே ஆணை விரும்பும் இன்னோர் ஆண்மகன் இவ்வுலகில் இருக்கிறான் என்பதை என் மருமகன் தன் பத்தொன்பதாம் வயதில் அறிந்துகொண்டது அந்தப் பெஞ்சில்தான். அதே நடைமேடையில் ஒருநாள் இரவு இரண்டு முரடர்கள் அவனை மடக்கி, வீட்டில் சொல்லிவிடுவோம் என்று மிரட்டிக் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் பறித்துக்கொண்டதும் உண்டு. யாரிடமும் முறையிட இயலாத திருட்டு அது.

வண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமையாதலால் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வானவில் பேரணிக்கு நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். அவன் பல ஆண்டுகளாகப் போகிறவன். எனக்கு அதுவே முதல் தடவை.

ரயில் புறப்பட்டுச் சற்று நேரத்தில் திரிசூலத்துக் குன்றுகள் கண்ணில் படுகின்றன. எங்கள் ஊரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எங்களுக்குச் சில விஷயங்கள் உண்டு. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் நிலவியலாளர் இங்கே சரளை மண்ணிலிருந்து ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்த தேசத்தில் மனிதன் எத்தனை புராதனமானவன் என்பதற்கு முதல் சாட்சியம் அதுவே. மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று இங்கே பிற்காலத்தில் தர்காவாகி, இன்றும் மக்கள் வந்து வணங்கும் இடமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில், பிற வீடுகள் வேண்டாமென்று கழித்த கதவும் நாற்காலியும் கடிகாரமும், செடிகொடிகளும் பறவைகளும் விலைபோகின்றன. அங்கே வருகிறவனை எந்த ஊர், என்ன குலம் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. இத்தனை விசாலமான ஊரில் என் மருமகனுக்குக் கிடைத்தது நிழலில்லாத ஒரு பெஞ்சு என்ற எண்ணம் அன்றைக்கு என் நெஞ்சை உறுத்திக்கொண்டே வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அவன் தன்னைப் பற்றிய உண்மையை என்னிடம் சொன்னபோது நான் மௌனமாக இருந்தேன், கோபப்படவில்லை. ஆனால் அதற்குச் சில மாதங்கள் கழித்து, பெங்களூரில் தன்னைப் போன்றவர்கள் கூடும் ஒரு பாருக்குப் போய் வந்ததாகச் சொன்னபோது கடுமையாகக் கோபித்துக்கொண்டேன். என் கோபத்தின் காரணம் தமிழ் வாசகருக்கு எளிதில் விளங்கும். 1937-ஆம் ஆண்டு சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்த காலத்தில் இளைஞராயிருந்த என் தந்தையார், அதற்கு முன்பே கள்ளுக்கடை மறியலில் நின்றவர். மதுவைத் தீண்டாதிருப்பதை ஒரு விரதமாகவே கொண்ட குடும்பம் எங்களுடையது. அன்றியும், 2003-ஆம் ஆண்டு முதல் சில்லறை மது விற்பனையை அரசாங்கத்தின் டாஸ்மாக் நிறுவனமே நடத்திவரும் நம் மாநிலத்தில், பார் என்ற சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் எழும் காட்சி, கடைக்குப் பின்புறம் தகரக் கொட்டகையும் பிளாஸ்டிக் தம்ளரும் தள்ளாடி வெளிவரும் கூலிக்காரரும் வாசலில் காத்து நிற்கும் அவர் மனைவியுமே அல்லவா? அப்படிப்பட்ட இடத்தில் மனிதனுக்கு என்ன மரியாதை கிடைத்துவிடும் என்று கேட்டேன். "குடிக்கப் போகலை மாமா. ரெண்டு மணி நேரம் ஒளியாம உட்காரப் போனேன்" என்றான் அவன். அதற்கு அன்று என்னிடம் மறுமொழி இல்லை. ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை.

அந்த மறுமொழியைத் தேடி, பிற்பாடு, நான் எதிர்பாராத ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அமெரிக்காவில் ஜெர்சி நகரத்தில் குடியிருக்கும் என் மகளைப் பார்க்கச் சென்றிருந்தேன். ஹட்சன் நதிக்கு அடியில் செல்லும் ரயிலில் நியூயார்க்கை அடைந்தால் முதலில் வரும் நிலையங்களில் ஒன்று கிறிஸ்டபர் தெரு. மருமகனின் சொல் காதில் ஒலித்துக்கொண்டிருந்ததால், "இங்கே ஸ்டோன்வால் என்று ஒரு பார் உண்டாமே, அதைப் பார்க்க வேண்டும் அம்மா" என்று நானே கேட்டேன். மகள் சிறிது வியந்து, "வாங்கப்பா" என்று அழைத்துச் சென்றாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் குதிரை லாயங்களாகக் கட்டப்பட்ட இரண்டு சிறு கட்டிடங்கள் பின்னர் ஒன்றாக்கப்பட்டு, ஓர் உணவகமாகி, 1967-இல் தன்பாலீர்ப்பாளர் கூடும் மதுக்கூடமாயின. இன்று தேசிய நினைவுச் சின்னமாகப் போற்றப்படும் அந்த இடத்தின் பூர்வ கதையை அறிந்தால் வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றும். அதை நடத்தியவர்கள் சமூகத் தொண்டர்கள் அல்லர். மாஃபியா என்னும் கொள்ளைக் கூட்டத்தார். மது விற்கும் உரிமம் கிடையாது. அங்கத்தினருக்கு மட்டுமான சங்கம் என்று பாவனை செய்து, வாசலில் ஒரு புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வந்தவர்கள் அதில் எழுதியவை பொய்ப் பெயர்களே. மது பரிமாறும் இடத்தில் குழாய்த் தண்ணீர் கூட இல்லை. ஒரு தொட்டித் தண்ணீரிலேயே தம்ளர்களை முக்கி எடுத்து மறுபடி ஊற்றினார்கள். போலீஸார் வருகிறார்கள் என்றால் வெள்ளை விளக்குகள் எரியும். ஆடிக்கொண்டிருந்தவர்கள் அக்கணமே விலகி நிற்க வேண்டும். தன்பாலீர்ப்பாளர் கூடுவதே ஒழுங்கீனம் என்று கருதி மதுக்கூடங்களின் உரிமத்தைப் பறித்த காலம் அது. அந்த வழக்கத்தை எதிர்த்து, 1966 ஏப்ரல் 21 அன்று சில இளைஞர்கள், அருகிலேயே உள்ள ஜூலியஸ் என்னும் மதுக்கூடத்தில் தங்களை இன்னாரென்று வெளிப்படையாகச் சொல்லி மது கேட்டார்கள். பரிமாறுகிறவர் தம்ளரைத் தம் கையால் மூடிவிட்டார். அந்தக் கை ஒரு புகைப்படத்தில் பதிந்து இன்றளவும் பார்க்கக் கிடைக்கிறது. மறியலையும் சத்தியாக்கிரகத்தையும் அறிந்த நம்மவருக்கு அந்தப் போராட்டத்தின் தன்மை அந்நியமாகத் தோன்றாது.

1969 ஜூன் 28 அதிகாலையில் ஸ்டோன்வாலில் போலீஸார் நுழைந்தபோது, வழக்கப்படி தலைகவிழ்ந்து கலைந்து போக வேண்டியவர்கள் கலையவில்லை. தெருவில் கூட்டம் சேர்ந்தது. காசுகளும் புட்டிகளும் பறந்தன. உள்ளே நுழைந்த போலீஸாரே உள்ளே அடைபட்டார்கள். பல நாட்கள் நீடித்த அந்தக் கலகத்தில் முன்னின்றவர்களில் வீடற்ற சிறுவர்களும், பெண்ணுடை தரித்தவர்களும், கறுப்பினத்தாரும் இருந்தார்கள். மார்ஷா ஜான்சன் என்ற பெயர் அவர்களுள் இன்றும் நினைக்கப்படுவது. மறு ஆண்டு அதே நாளில் ஆயிரக்கணக்கானோர் அந்தத் தெருவிலிருந்து சென்ட்ரல் பூங்கா வரை நடந்து சென்றார்கள். உலகெங்கும் ஜூன் மாதத்தில் நடக்கும் பேரணிகளுக்கெல்லாம் மூலம் அந்த நடை.

பகற்பொழுதாதலால் உள்ளே கூட்டமில்லை. மகள் எனக்கு எலுமிச்சைச் சோடா வாங்கித் தந்தாள். அடுத்த ஆசனத்தில் அமர்ந்திருந்த முதியவர், என்னைவிட இரண்டொரு வயது மூத்தவராயிருப்பார், நான் சுவரில் உள்ள படங்களைப் பார்ப்பதைக் கண்டு தாமாகவே பேச்சுக் கொடுத்தார். தம்மைப் போன்றவர்களை இளமையில் அவர் பார்த்ததெல்லாம் செய்தித்தாளில் வரும் கைது விவரங்களில்தானாம். பெயரும் விலாசமும் போட்டு அச்சிடுவார்களாம். "அவர்களில் ஒருவர் சிரிப்பதை நான் முதலில் பார்த்தது ஒரு பாரில்தான்" என்றார். அதை அவர் சாதாரணமாகவே சொன்னார். எனக்கு அவ்வார்த்தைகள் விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கிய பின் சோடா தொண்டையில் இறங்கவில்லை.

பிற குழந்தைகளுக்கு இயல்பாக வாய்க்கும் ஒரு பாக்கியம் இவர்களுக்கு வாய்ப்பதில்லை என்பதை அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உணர்ந்தேன். அயல்நாட்டில் பிறந்த தமிழ்க் குழந்தை வெளியில் எத்தனை ஏளனம் பட்டாலும், வீட்டுக்குள் வந்தால் அதே நிறத்தில் ஒரு தாய், அதே பாஷையில் ஒரு பாட்டி. ஊரால் ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவனுக்கும், அவன் பட்டதையே பட்ட தகப்பனும் பாட்டனும் வீட்டில் உண்டு. அடியை வாங்கிக்கொள்ளவும் திருப்பிக் கேட்கவும் அவர்கள் கற்றுக்கொடுப்பார்கள். தன்பாலீர்ப்போடு பிறக்கும் பிள்ளையோ பெற்றோர் நடுவிலேயே தனியன். அவன் வம்சத்துக் கதையைச் சொல்ல அவன் வீட்டில் ஒரு பாட்டி இல்லை. ஆகவே மூத்தோரை அவன் வெளியிலேதான் தேடிக் கண்டடைய வேண்டும். எந்த வைத்தியர் நம்மை இழிவாகப் பேசாமல் பார்ப்பார், எந்த வக்கீல் இரவில் கூப்பிட்டாலும் வருவார், காதலில் ஏமாந்தவன் எப்படித் தேறி எழுவான், நரைத்த பின் நம்மைப் போன்றவர் எப்படி வாழ்கிறார் என்பனவற்றையெல்லாம் தலைமுறைக்குத் தலைமுறை கைமாற்றிக் கொடுத்த கூடம், மேல்நாடுகளில், வேறு எந்தக் கதவும் திறவாத காலத்தில், அந்த மதுக்கூடமாக இருந்தது. எண்பதுகளில் எய்ட்ஸ் நோய் அவர்களைக் கொள்ளை கொண்டபோது, நோயாளிகளுக்கு நிதி திரட்டியதும் இறந்தவர்களுக்குத் துக்கம் காத்ததும் அங்கேதான்.

இதைச் சொல்லும்போது நியூ ஆர்லியன்ஸ் நகரத்து அப்ஸ்டேர்ஸ் லௌஞ்சைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாடியில் இருந்த அந்த மதுக்கூடத்தில், வேறு இடம் கிடைக்காத ஒரு சிறு கிறிஸ்தவச் சபையார் பிரார்த்தனைக்கும் கூடினார்கள். 1973 ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை மாலை, யாரோ மாடிப்படியில் வைத்த தீயில் 32 பேர் மாண்டனர். சிலருடைய உடலைப் பெற்றுக்கொள்ளக் குடும்பத்தார் முன்வரவில்லை. 2016 ஜூன் 12 அன்று ஒர்லாண்டோ நகரத்தின் பல்ஸ் என்னும் இடத்தில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, உலகெங்கும் இத்தகையோர் அழுத அழுகை, சொந்த வீட்டில் புகுந்து கொன்றவனைக் கண்டு அழும் அழுகையாகவே இருந்தது.

மதுக்கூடமே போதும் என்று அவர்களும் கருதவில்லை. ஜூலியஸ் மறியலில் பங்குகொண்ட கிரேக் ராட்வெல், குடியும் இருட்டும் இல்லாத ஓர் இடம் தம்மவருக்கு வேண்டுமென்று, 1967-இல் ஆஸ்கார் வைல்டின் பெயரால் ஒரு புத்தகக் கடை திறந்தார். பிற்பாடு அதே கிறிஸ்டபர் தெருவுக்கு இடம் மாறிய அந்தக் கடை 2009 வரை நடந்தது. எனக்கு அம்மனிதர்பால் தனியான மதிப்பு உண்டாயிற்று. காசில்லாதவரையும் முதியோரையும் பெண்களையும் மதுக்கூடம் பலமுறை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறது. புத்தகக் கடை அப்படி நிறுத்தாது.

மின்சார ரயில் கிண்டியைத் தாண்டி சைதாப்பேட்டையை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் இவற்றையெல்லாம் சொல்லக் கேட்ட மருமகன், "நம்ம ஊர்ல அப்படி ஒண்ணு எப்போ மாமா?" என்று கேட்டான். சென்னையில் நட்சத்திர ஹோட்டல்களில் எப்போதாவது ஓர் இரவு இவர்களுக்கென்று விருந்து நடப்பதுண்டு. பம்மலில் தோல் தொழிற்சாலைக்குப் போகும் பையனும், அனகாபுத்தூரில் தறி நெய்பவனின் மகனும் அந்த வாசற்படியை மிதிக்க முடியுமா? நுழைவுக்கான தொகையே அவர்களுடைய சில நாட்கூலி ஆகும். கைப்பேசிச் செயலிகள் வந்தபின் ஒருவரையொருவர் கண்டுகொள்வது சுலபமாயிற்று. நயமாக அழைத்துத் தனியிடத்தில் வைத்து மிரட்டிப் பறிப்போருக்கும் அதே செயலி சுலபமாயிற்று. கைப்பேசியில் ஆயிரம் பேரைப் பார்க்கலாம். ஒரு முதியவரின் அருகே மௌனமாக உட்கார்ந்திருக்க முடியாது.

நம் நாட்டில் இப்படி ஓர் இடம் அறவே இருந்ததில்லை என்று சொல்வது பிழை. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே கூவாகத்தில், சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, திருநங்கையர் கூத்தாண்டவராகிய அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அவருடைய களப்பலியில் அதை அறுத்து வெள்ளையுடுத்துகிறார்கள். அச்சமயம் விழுப்புரத்து விடுதிகளில், ஆண்டு முழுவதும் பிரிந்திருந்த தோழியர் சந்தித்துப் பேசும் பேச்சைக் கேட்டவர், பக்திக்கு நிகராகத் தோழமையும் அத்திருவிழாவில் தொழுகை பெறுவதை அறிவர். ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை. எஞ்சிய நாட்களுக்கு நடைமேடை.

எழும்பூரில் இறங்கிப் பேரணியில் கலந்துகொண்டோம். தமிழில் அதற்கு வானவில் சுயமரியாதைப் பேரணி என்று பெயர். ஆங்கிலத்தார் கர்வத்தைக் குறிக்கும் சொல்லால் அழைப்பதை, நம்மவர் பெரியாரின் இயக்கத்துச் சொல்லால் அழைத்திருப்பது, என் அபிப்பிராயத்தில், மூலத்தைவிடச் சிறந்தது. 2009 ஜூன் 28 அன்று மெரினாவில் முதன்முதலாக நடந்தபோது, மெக்காலே வரைந்த தண்டனைச் சட்டத்தின் ஒரு பிரிவு அவர்களைக் குற்றவாளிகள் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நான்கே நாட்களில் டில்லி உயர் நீதிமன்றம் அந்தக் குற்றப்பெயரை நீக்கிற்று. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உயிர்ப்பித்தது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றம் இவர்களை அதிலிருந்து விடுவித்தது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்து நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவ்விஷயத்தில் தமக்கே அறிவு போதாது என்று வெளிப்படையாகக் கூறி, மனநல ஆலோசகரிடம் அமர்ந்து கேட்டுத் தெளிந்த பின் தீர்ப்பு வழங்கினார்; மருத்துவத்தின் பெயரால் இவர்களை மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். ஒரு நீதிபதி மாணாக்கராக அமர்ந்தது நம் காலத்தின் அரிய காட்சிகளில் ஒன்று. 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றம், இவர்கள் தேர்ந்துகொள்ளும் தோழமையும் குடும்பமே என்று சொல்லியிருக்கிறது.

பறையொலியும் ஆட்டமும் பாட்டுமாகப் பேரணி நடந்தது. முகமூடி அணிந்து வந்த சிலர் பாதி வழியில் அதைக் கழற்றியதைப் பார்த்தேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய் நடந்தார், என் பக்கத்தில் வந்து, "நீங்களும் பிள்ளைக்காக வந்தீங்களாண்ணா?" என்று கேட்டார். "மருமகனுக்காகம்மா" என்றேன்.

பொழுது சாய்ந்து பேரணி முடிந்ததும், இத்தனை பேரும் எங்கே போவார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போக இடமில்லை. தேநீர்க் கடையில் நெடுநேரம் நிற்க விடுவதில்லை. கன்னத்தில் தீட்டிய வண்ணத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, இரண்டிரண்டு பேராகக் கலைந்தார்கள். தாம்பரம் பக்கம் போகிறவர்கள் ஏழெட்டுப் பேர் எங்களோடு எழும்பூர் நிலையத்துக்கு வந்தார்கள். பேச்சு முடியவில்லை. வண்டி வந்தது, ஒருவரும் ஏறவில்லை. இன்னொன்று வந்தது, அதையும் விட்டார்கள். மூன்றாவது வண்டியையும் அவர்களோடு நானும் விட்டேன். பல்லாவரத்துப் பெஞ்சு அங்கேயும் வந்துவிட்டதாகத் தோன்றிற்று.

வீட்டுக்கு வந்ததும் மாடி அறையைத் திறந்து பார்த்தேன். மகள் கல்யாணமாகிப் போனபின் பழைய சாமான்கள் அடைந்து கிடந்த அறை. அடுத்த வெள்ளிக்கிழமை அவற்றைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, அதே சந்தையில் பன்னிரண்டு நாற்காலிகளும் ஒரு புத்தக அலமாரியும் வாங்கி வந்தோம். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அறை திறக்கிறது, காபி உண்டு. முதல் மாதம் நான்கு பேர் வந்தார்கள். இரண்டாம் மாதம் ஒன்பது பேர். அவர்களில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டியவர், சுவரோரம் அமர்ந்து, இளைஞர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டு நாற்காலிகள் இந்தப் புறநகர் முழுவதற்கும் போதா. குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் மேடவாக்கத்திலும் மாடி அறையோ, சிறு மண்டபமோ, வாசகசாலையோ தம் வசம் உள்ள அன்பர்கள், மாதத்தில் ஒரு மாலை இவர்களுக்குத் திறந்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, குடிக்கத் தண்ணீர், இவை இருந்தால் போதும்.